சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கப் பல்கலைக்கழக ஃபுட்பால் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சிகாகோவைச் சுற்றியே இருந்தன. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஃபுட்பால் என்று எழுதுவதெல்லாம், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அந்த ஊர் ஆட்டத்தைத்தான்.

சிகாகோ பல்கலைக்கழகம் என்றால் நோபல் பரிசுதான் நினைவுக்கு வரும். அங்கே பெரிய ஃபுட்பால் அணி இருந்தது நிஜமா?

நிஜம்தான். சாதாரண அணியும் அல்ல. 1892-ல் வகுப்புகள் தொடங்கியபோதே அணியும் தொடங்கிவிட்டது. ராக்ஃபெல்லர் பணத்தில் எழுந்த புதுப் பல்கலைக்கழகம், பழம்பெருமை கிடையாது. ஊரார் வாயில் பெயர் அடிபட வேண்டுமானால் ஆட்டம் வேண்டும் என்று முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பருக்குத் தெரிந்திருந்தது. யேலில் தன்னிடம் படித்த அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக்கைக் கூட்டிவந்து, கோச் வேலையோடு பேராசிரியர் அந்தஸ்தும் கொடுத்தார். ஸ்டாக் 1932 வரை 41 சீசன் அசையவில்லை. இன்று கோடிகள் புரளும் பிக் டென் கூட்டமைப்பை 1896-ல் தொடங்கிய ஏழு பல்கலைக்கழகங்களில் சிகாகோவும் ஒன்று. அதன் பட்டத்தை ஏழு முறை வென்றது.

அந்த அணியின் ஆகப் பெரிய வெற்றி எது?

1905 நவம்பர் 30, மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்கு எதிராக. ஸ்கோர் 2-0. பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் மிச்சிகன் அதுவரை 56 ஆட்டங்களில் தோற்றதே இல்லை. சிகாகோவின் எக்கர்ஸால் உதைத்த பந்து மிச்சிகனின் கோல் கோட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. டென்னி கிளார்க் அதை அங்கேயே விட்டிருக்கலாம். எடுத்துக்கொண்டு ஓடி வெளியே வந்தார். சிகாகோக்காரர்கள் அவரை அலாக்காகப் பின்னுக்குத் தள்ளிக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். அதற்குப் பெயர் சேஃப்டி, இரண்டு புள்ளி. ஆட்டத்தில் வேறு புள்ளியே இல்லை.

முதல் ஹைஸ்மன் விருது சிகாகோ மாணவருக்கா?

ஆமாம், 1935-ல் ஜே பெர்வாங்கருக்கு. ஆண்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரருக்குத் தரும் விருது இது. அப்போது விருதுக்கு ஹைஸ்மன் பெயர்கூட வைக்கவில்லை. அடுத்த ஆண்டுதான் வந்தது. கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். நடத்திய முதல் டிராஃப்டில் முதல் தேர்வும் இவரே. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எடுத்தது, பிறகு உரிமை சிகாகோ பேர்ஸுக்குப் போனது. இரண்டு ஆண்டுக்கு 25,000 டாலர் கேட்டார், படியவில்லை. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஃபோம் ரப்பர் விற்கப் போய்விட்டார். கோப்பை ரொம்ப நாள் அவருடைய அத்தை வீட்டில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுத்தபடி கிடந்தது! 1934-ல் அவரை மடக்கப் பாய்ந்த மிச்சிகன் ஆட்டக்காரர் ஒருவருக்கு இடது கண்ணுக்குக் கீழே வெட்டுப்பட்டுத் தழும்பு நின்றுவிட்டது. அந்த ஆட்டக்காரர் பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்ட்.

இவ்வளவு புகழ் இருந்தும் அணியை ஏன் கலைத்தார்கள்? படிப்பே முக்கியம் என்று தலைவர் ஹச்சின்ஸ் எடுத்த கொள்கை முடிவு என்கிறார்களே?

பாதி உண்மை. 1929-ல் முப்பது வயதில் தலைவரான ராபர்ட் மேனார்ட் ஹச்சின்ஸுக்கு ஃபுட்பால் மோகம் பிடிக்காது, அதில் சந்தேகமில்லை. எழுபது வயதான ஸ்டாக்குக்கு ஓய்வு கொடுத்ததும் அவர் காலத்தில்தான். ஸ்டாக் வீட்டில் உட்காரவில்லை. கலிஃபோர்னியாவில் வேறொரு கல்லூரிக்குப் போய் இன்னும் பதினான்கு சீசன் கோச்சாக இருந்தார்.

ஆனால் 1939 டிசம்பரில் ஃபுட்பாலை நிறுத்தியபோது அணி ஏற்கெனவே குற்றுயிராகக் கிடந்தது. அந்த சீசனின் கணக்கைப் பாருங்கள்: மிச்சிகன் 85-0, ஒஹாயோ ஸ்டேட் 61-0, இல்லினாய் 46-0. பிக் டென்னில் ஆடிய மூன்று ஆட்டத்தில் வாங்கியது 192, போட்டது பூஜ்யம். வெளியே ஹார்வர்டிடமும் 61-0. ஜெயித்தது வாபாஷ், ஓபர்லின் என்ற இரண்டு சின்னக் கல்லூரிகளை மட்டும்.

கோச் சரியில்லையா? அதுவும் இல்லை. ஸ்டாக்குக்குப் பின் வந்த கிளார்க் ஷாக்னஸிதான் அந்த அடிகளையெல்லாம் வாங்கியவர். அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபர்டுக்குப் போய், ஒரு ஆட்டமும் தோற்காமல், சீசன் முடிவில் நடக்கும் புகழ்பெற்ற ரோஸ் போல் ஆட்டத்தையும் ஜெயித்தார். கோளாறு ஆள் பிடிப்பதில். பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெருத்துக்கொண்டே போயின. சிகாகோவில் இளநிலை மாணவர்கள் குறைவு, தேர்வு கடினம், ஆட்டக்காரனுக்கென்று தனிச் சலுகை கிடையாது. 1905-ன் அணி கையில் இருந்திருந்தால் ஹச்சின்ஸால் அதைத் தொட்டிருக்க முடியாது என்பது என் கட்சி. முன்னாள் மாணவர்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த அணி ஆடிய மைதானத்தில்தான் அணுகுண்டு செய்தார்களாமே?

குண்டு அல்ல, உலகின் முதல் செயற்கை அணு உலை. ஸ்டாக் ஃபீல்டின் மேற்குக் கேலரிக்கு அடியில் ஒரு ஆட்டக்கூடம் இருந்தது. அங்கே கிராஃபைட் கட்டிகளை அடுக்கி, இடையிடையே யுரேனியம் வைத்து, 1942 டிசம்பர் 2-ல் என்ரிகோ ஃபெர்மி குழு தொடர்வினையை நடத்திக் காட்டியது. ஊருக்கு வெளியே ஆர்கான் என்ற காட்டுப் பகுதியில் செய்வதாகத்தான் திட்டம். தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் அங்கே கட்டடம் முடியவில்லை. பெரிய ஆட்டங்கள் நின்றுபோன இந்த மைதானம் கைகொடுத்தது. 1957-ல் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ரீகன்ஸ்டைன் நூலகம்.

நம் எஸ். சந்திரசேகர் அப்போது அங்கே இருந்தாரா?

1937-ல் சேர்ந்துவிட்டார். ஆனால் அணி கலைந்தபோது அவருடைய வாசம் பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில். அது விஸ்கான்சினில் இருக்கிறது.

இன்று அணி இருக்கிறதா? மீண்டும் பிக் டென்னுக்கு வருமா?

இருக்கிறது. 1963-ல் ஒரு வகுப்பாகத் திரும்ப ஆட ஆரம்பித்தபோது, மாணவர்களே மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 1969-ல் முறையான அணியானது. இப்போது மூன்றாம் டிவிஷனில் ஆடுகிறது. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கக் கூடாது. பிக் டென் கதை 1946-ல் விலகியதோடு முடிந்தது. அந்த இடத்தில் பிறகு வந்து உட்கார்ந்தது மிச்சிகன் ஸ்டேட்.