ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் வண்டி சீறினால்: கேள்வி பதில்

ஆக்சிலேட்டர் கேபிள், த்ராட்டில் பாடி (என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்), பெடல். இந்த மூன்றையும் கழற்றி மாட்டுவதுதான் 26 வருடமாக என் வேலை. இவற்றில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள்: டிரைவர் காலடியில் கிடக்கும் மேட்டை, அதாவது தரைவிரிப்பை, போய்ப் பாருங்கள். அது நழுவினால் ஆக்சிலேட்டர் பெடல் அதில் மாட்டிக்கொள்ளும். கொக்கியில் மாட்டியிருக்கிறதா? ஒன்றின் மேல் இன்னொன்று கிடக்கிறதா? இன்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கேள்வி: அண்ணா, என்னுடையது பழைய பெட்ரோல் கார், ஆக்சிலேட்டருக்குக் கேபிள் உள்ள வண்டி. இரண்டு வாரமாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டுக் காலை எடுத்தால் ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) உடனே இறங்குவதில்லை, மேலேயே நிற்கிறது. கேபிளுக்குள் எண்ணெய் விட்டோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு பழையபடிதான்.

தம்பி, முதலில் சிக்குவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். த்ராட்டில் பாடியில் கேபிள் வந்து மாட்டும் அரைவட்டச் சக்கரம் இருக்கும். கேபிள் முனையை அதிலிருந்து விடுவித்துவிட்டு, சக்கரத்தைக் கையால் முழுதாகத் திருப்பி விடுங்கள். டக்கென்று மூட வேண்டும். மெதுவாக வந்தாலோ, கடைசி நூலிழையில் நின்றாலோ உள்ளே கரி படிந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

சக்கரம் சரியாக இருந்தால் குற்றவாளி கேபிள்தான். உள்ளே ஓடுவது ஒற்றைக் கம்பி இல்லை, முறுக்கிய மெல்லிய இரும்பு இழைகள். பெடல் பக்கம் வளைந்து வளைந்து அங்கேதான் முதல் இழை அறும். அறுந்த இழை தூண்டில் முள் மாதிரி விரிந்து நிற்கும். மிதிக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும், திரும்பும்போது அவுட்டரின் (கம்பியைச் சுற்றியிருக்கும் உறையின்) வாயில் மாட்டிக்கொள்ளும். பெடலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள். கத்தரித்துவிட்டு ஓட்டாதீர்கள்.

இனி எண்ணெய் விடாதீர்கள். இந்தக் கேபிள்களின் அவுட்டருக்குள் நைலான் போன்ற வழுக்கும் குழாய் இருக்கிறது, உலர்ந்தபடி ஓடவே செய்தது. எண்ணெய் விட்டால் இரண்டு நாள் வழுக்கும். மூன்றாம் நாள் தூசி சேர்ந்து பசையாகிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

இன்னும் ஒன்று. சமீபத்தில் என்ஜின், கியர்பாக்ஸ் ஏதாவது இறக்கி ஏற்றினார்களா? என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் 1500 ஆர்பிஎம் காட்டுகிறது. தானாக ஏறுவது என்பது இதுதானா?

இல்லை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) கூடி நிற்பது இயல்பு, சூடானதும் இறங்கும். சூடான பிறகும் இறங்கவில்லை என்றால் வேக்குவம் குழாய் (என்ஜின் உறிஞ்சும் குழாய்) எங்காவது கசிகிறதா, ஐடிலிங்கைப் பார்த்துக்கொள்ளும் ஐடில் வால்வு சிக்கியிருக்கிறதா, கேபிள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேபிளில் சில மில்லிமீட்டர் தொய்வு இருந்தாக வேண்டும். த்ராட்டில் நிற்கும் இடத்தில் இருக்கும் திருகை மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: என் பைக்கில் ஹேண்டிலை ஒடித்தால் ரேஸ் ஆகிறது.

பைக் என் வேலை இல்லை. ஆனாலும், கேபிள் போகும் பாதை தவறு என்பது தெளிவு. பைக் மெக்கானிக்கிடம் இன்றே காட்டுங்கள்.

கேள்வி: சார், டர்போ டீசல். ஏற்றத்தில் தானாக ரேஸ் ஆகி, பின்னால் நீலப் புகை. சாவியை அணைத்தும் என்ஜின் நிற்கவில்லை. கேபிள் கோளாறா?

கேபிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டர்போவின் (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகத்தின்) சீல் போய், என்ஜின் ஆயிலே காற்றோடு கலந்து உள்ளே போகிறது. டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் தேவையில்லை. எரியக்கூடிய எது உள்ளே வந்தாலும், அழுத்தத்தின் சூட்டில் அது எரியும். நீங்கள் சாவியில் நிறுத்துவது டீசலை மட்டும்தான். ஆயில் தீரும்வரை அல்லது என்ஜின் உடையும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த ஒன்று காற்றை அடைக்க வேண்டும், அல்லது சுமையைக் கொடுத்துத் திணறடிக்க வேண்டும். மேனுவல் வண்டி என்றால் உயர்ந்த கியரில் பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்சை விட்டு ஆஃப் ஆக்குங்கள். இந்த ஒரு கோளாறில் மட்டும் நியூட்ரல் கூடாது, சுமை போனதும் இன்னும் சீறும். நின்ற வண்டியில் ஏர் ஃபில்டர் வாயைக் கையால் மூட நினைக்காதீர்கள். கை தாங்காது. கெட்டியான பலகையால் அடைக்கலாம், ஆனால் என்ஜின் எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. பயமாக இருந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். டர்போவை மாற்றும்வரை இந்த வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

கேள்வி: பெட்ரோல் காரில் ஓடும்போது ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிரேக்கை ஒரே மிதி, முழு பலத்தோடு மிதித்து அப்படியே பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். உங்கள் மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டர், என்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தில் வேலை செய்கிறது. த்ராட்டில் முழுதாகத் திறந்திருந்தால் புது வேக்குவம் வராது, சேமித்து வைத்தது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். "பிரேக் பிடிக்கவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். பிரேக்கைப் பிடித்தபடியே நியூட்ரல், மேனுவல் என்றால் கிளட்ச். ஓரமாக நின்ற பிறகு என்ஜினை அணையுங்கள்.

கேள்வி: ஐயா, நான் முப்பது வருடம் டிரைவராக இருந்தவன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது சாவியைத் திருப்பு என்பதுதான். நியூட்ரல் போட்டால் என்ஜின் கத்தி உடைந்துவிடும்.

உங்கள் அனுபவத்துக்கு மரியாதை, ஐயா. நீங்கள் ஓட்டிய கார்புரேட்டர் வண்டியில் அது சரியான பயம். இன்றைய என்ஜினில் குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேல் போகாமல் கம்ப்யூட்டரே எரிபொருளை வெட்டிவிடும். கத்தும், ஆனால் தாங்கும்.

கேள்வி (அதே ஐயா): சாவியைத் திருப்பினால் ஒரே நொடியில் எல்லாம் அடங்கும். எதற்குச் சுற்றுவழி?

பதற்றத்தில் இருக்கும் கை ஒரு நிலை மட்டும் திருப்பி நிற்காது. முழுதாகத் திருப்பி சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அணைத்தாலே பல வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் போய்விடும், வளைவில் அது கல்லாகக் கனக்கும். நியூட்ரலில் ஸ்டீயரிங்கும் விளக்கும் உங்களிடம் இருக்கும். சக்கரத்துக்கு வரும் இழுவை மட்டும் போகும். நமக்கு வேண்டியது அவ்வளவுதானே?

கேள்வி (வேறொருவர்): நான் அந்த ஐயா பக்கம். ஒரு லட்சம் ரூபாய் என்ஜின் போனால் யார் கொடுப்பது?

என்ஜின் போகட்டும். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு மாற்று பாகம் கிடையாது.

கேள்வி (மூன்றாமவர்): பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவியே இல்லையே?

இதற்காகத்தான் நியூட்ரல் என்கிறேன். ஓடும் வண்டியில் பட்டனை ஒருமுறை தட்டினால் பலவற்றில் அணையாது. அழுத்திப் பிடிக்க வேண்டும், பல கார்களில் சுமார் 3 விநாடி. வேகமாகப் போகும்போது 3 விநாடி பெரிய தூரம். உங்கள் காரின் கையேட்டில் அந்தப் பக்கத்தை இன்றைக்கே படியுங்கள்.

கேள்வி (பழைய டிரைவர் ஐயா): சரி தம்பி, நியூட்ரலை ஏற்கிறேன். ஆனால் முழு ஆக்சிலேட்டரை எதிர்த்து பிரேக் நிறுத்தும் என்பதை நம்ப முடியவில்லை.

நல்ல கேள்வி. டொயோட்டா கார்கள் தானாகச் சீறுகின்றன என்ற விவகாரம் சூடாக இருந்தபோது ஒரு கார் இதழ் வி6 கேம்ரியில் அளந்து பார்த்தது. மணிக்கு 70 மைல் வேகத்திலிருந்து சாதாரணமாக நிற்க 174 அடி. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடியே பிரேக் போட்டபோது 190 அடி. வித்தியாசம் 16 அடிதான். நல்ல பிரேக், ஒரே மிதி என்றால் இதுதான் கணக்கு. தேய்ந்த பேட், சூடேறிய டிரம், தயங்கித் தயங்கி மிதிக்கும் கால் என்றால் கணக்கு மாறிவிடும். அதனால்தான் பிரேக்கோடு நியூட்ரலும்.

கேள்வி: எல்லாம் டிரைவர் தவறுதான் என்று கம்பெனிகள் சொல்கின்றன. உண்மையா?

பாதி உண்மை. அதை முழு உண்மையாக விற்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

ஆடி 5000 காரை எடுத்துக்கொள்ளுங்கள். அது தானாகப் பாய்கிறது என்று 1980களில் அமெரிக்காவில் பெரிய கூச்சல். 1989 இல் வந்த அரசு ஆய்வு, அந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவை பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தவை என்றது. ஆனால் அதே ஆய்வு ஐடில் வால்வுக் கோளாறால் வண்டி திடீரென்று குதிப்பதையும் பதிவு செய்தது. வண்டி குதிக்கிறது, மனிதர் பதறுகிறார், கால் தவறுகிறது. இதில் யாரை மட்டும் குற்றம் சொல்வீர்கள்? பிரேக்கை மிதிக்காமல் ஆட்டோமேட்டிக் கியரை பார்க்கிலிருந்து எடுக்க முடியாத பூட்டு பரவலானது அந்தக் காலத்தில்தான்.

கேபிள் காலத்துக்கு வாருங்கள். 1971 இல் ஜெனரல் மோட்டார்ஸ் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. என்ஜின் மவுண்டிங் ரப்பர் பிரிந்து, என்ஜின் ஒரு பக்கம் எழும்பி, த்ராட்டில் இணைப்பை அதுவே இழுத்துத் திறந்தது. 2012 இல் ஃபோர்டு எஸ்கேப்: பெடலை முழுதாக அழுத்தினால் க்ரூஸ் கண்ட்ரோல் (மிதிக்காமலே வேகத்தை ஒரே அளவில் வைக்கும் வசதி) கேபிளின் முனை என்ஜின் மூடியில் போய் மாட்டியது. இடைவெளி போதவில்லை, அவ்வளவுதான். இவற்றில் டிரைவர் என்ன தவறு செய்தார்?

டொயோட்டா வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் 2009 இல் மேட், 2010 இல் தேய்ந்து மெதுவாகத் திரும்பும் பெடல். நாசா பொறியாளர்கள் மின்னணுப் பக்கத்தை ஆராய்ந்தார்கள். பெரிய வேகப் பாய்ச்சலுக்கு மின்னணுக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2011 இல் அறிக்கை வந்தது. 2013 இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில நடுவர் குழு ஒரு வழக்கில், கோளாறு மென்பொருளில்தான் என்ற வாதத்தை ஏற்றது. 2014 இல் வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக அந்தக் கம்பெனி 120 கோடி டாலர் கட்டியது. ஆக ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். முடிவை முதலில் எழுதிவைத்துவிட்டுப் பானெட்டைத் திறப்பவர் மெக்கானிக் இல்லை.

மேட் என்றேனே, 2009 இல் கலிபோர்னியாவில் நான்கு உயிர் போன லெக்ஸஸ் (டொயோட்டாவின் சொகுசுப் பிராண்ட்) காரில் இருந்தது வேறு மாடலின் கனமான ரப்பர் மேட். பெடல் அதில்தான் மாட்டியது. தயவுசெய்து பாருங்கள்.

கேள்வி: சென்சார் கோளாறாக இருக்குமா?
கேள்வி: எனக்கும் அதே சந்தேகம். சென்சார் மாற்றச் சொல்கிறார்கள்.
கேள்வி: சென்சாரைச் சுத்தம் செய்யலாமா?

மூவருக்கும் ஒரே பதில். கேபிள் வண்டியில் த்ராட்டிலைத் திறப்பது உங்கள் கால், சென்சார் இல்லை. கேபிள் இல்லாத வண்டியில் பெடலிலேயே இரண்டு சென்சார் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்து எச்சரிக்கை விளக்கைப் போடும். விளக்கு இல்லை, கம்ப்யூட்டரில் பழுதுக் குறியீடு (கோட்) இல்லை, ஆனாலும் மாற்றச் சொல்கிறார் என்றால் காரணம் கேளுங்கள். மேட்டைப் பார்த்தீர்களா?

கேள்வி: மின்சாரக் காரில் இந்தப் பிரச்சினையே இல்லைதானே?

கேபிள் இல்லை. மேட்டும் காலும் இருக்கின்றன.

கேள்வி: இப்படி மோதினால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இன்சூரன்ஸ்காரரிடம் கேளுங்கள். வண்டியை மட்டும் யாரும் தொடாமல் வைத்திருங்கள், மேட் உட்பட.

கேள்வி: ஆக்சிலேட்டர் சிக்கினால் என்ன செய்வது?

மேலே விரிவாக இருக்கிறது, படியுங்கள். ஒரே மிதி, நியூட்ரல்.

கேள்வி (முதலில் கேட்டவர்): அண்ணா, பார்த்துவிட்டேன். போன மாதம் கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கினார்கள். எர்த் ஒயர் ஒரு முனை மாட்டாமல் தொங்குகிறது. கேபிளின் வெளி பிளாஸ்டிக் ஓரிடத்தில் பழுப்பாகி உப்பியிருக்கிறது, கை வைத்தால் நெகிழ்கிறது.

நான் பயந்தது இதைத்தான். ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அந்தக் கரண்ட் திரும்பி வர எர்த் ஒயர் இல்லை என்றால், என்ஜினையும் பாடியையும் இணைக்கும் வேறு எந்த இரும்பு வழியாகவும் வரும். உங்கள் வண்டியில் அது ஆக்சிலேட்டர் கேபிள். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் கம்பி சூடேறி, உள் குழாய் உருகி, கம்பியைப் பிடித்திருக்கிறது. எண்ணெய் எப்படி இதைச் சரி செய்யும்?

எர்த் ஒயரை மட்டும் மாட்டி ஓட்டினால் உருகிய கேபிள் அப்படியே இருக்கும். கேபிளை மட்டும் மாற்றினால் புதுசும் உருகும். இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். எர்த் ஒயர் உட்காரும் இடத்தைத் துரு போகச் சுரண்டிவிட்டு இறுக்கச் சொல்லுங்கள். மேனுவல் வண்டி என்றால் கியர் கேபிளையும், கிளட்ச் கேபிள் இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள், அதே கரண்ட் அவற்றிலும் போயிருக்கலாம்.

கேள்வி (அவரே): ஒர்க்ஷாப் இரண்டு கிலோமீட்டர்தான். மெதுவாக ஓட்டிப் போகலாமா?

வேண்டாம், தம்பி. ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் என்ஜினை அணைத்தபடி பெடலை மிதித்து விட்டுப் பாருங்கள். பத்து தடவை. பத்து தடவையும் டக்கென்று வந்தால் சாவியைப் போடுங்கள்.