நான்கு தகர டப்பாக்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் அத்தை நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்தவர் என்றும், பின்னர் பர்மாவின் (இன்றைய மியான்மர்) ரங்கூனில் ஒரே நேரத்தில் நான்கு தொழில்களை நடத்தினார் என்றும் சென்ற மாதக் கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னால் அந்த வரியை விட்டு நகர முடியவில்லை. நான் இந்திய இராணுவத்தின் வழங்கல் பிரிவில் குறுகிய காலப் பணி அதிகாரியாக 14 ஆண்டுகள் இருந்து விடுபட்டவள். அந்தப் பணிக்கு ஓய்வூதியம் இல்லை. இப்போது கோவையில் பேக்கரி நடத்துகிறேன். சிறுதானிய மாவு அரைத்து விற்பதையும், பள்ளிகளுக்குச் சிற்றுண்டி வழங்குவதையும் சேர்த்துத் தொடங்க விரும்புகிறேன். "ஒன்றை உருப்படியாகச் செய்" என்று வீட்டில் தடுக்கிறார்கள். பல தொழில்களை ஆளும் திறன் உங்கள் அத்தைக்கு இராணுவப் பயிற்சியால் வந்ததா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

துப்பாக்கி பிடித்த கை தராசையும் பிடித்தது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அத்தை உயிரோடு இருந்தால் அதை அடித்துத் திருத்தச் சொல்வார். படையில் அவர் பெரும்பாலும் இருந்தது சாமான் அறையில். அங்கே கற்ற ஒரு பழக்கமும், போரின் முடிவில் பட்ட ஓர் இழப்புமே அவருடைய வணிகத்துக்கு அடிப்படை என்பது, அவருடன் இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த என்னுடைய முடிவு.

1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி பெண்களைப் படைக்கு அழைத்தார். அக்டோபர் 22 அன்று அங்கே பயிற்சி முகாம் தொடங்கியது. சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற அந்தப் படையில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். அடுத்த ஆண்டு படை பர்மாவுக்கு வந்தபின் இங்குள்ள பெண்களும் சேர்ந்தார்கள். பதினெட்டு வயதில் ரங்கூன் முகாமுக்குப் போன அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால், அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் முடிந்தபின் அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் கணக்கை அவரிடம் கொடுத்தார்கள். கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் ஒரு பிடி உப்பும் அந்த அறையை விட்டு வெளியேறக் கூடாது. அதிகாரியே வந்து கேட்டாலும் சீட்டு வேண்டும். வழங்கல் பிரிவில் இருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி இழப்பைச் சொல்கிறேன். 1945 ஏப்ரல் 24 அன்று நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். மலாயாப் பெண்கள் அவருடன் மௌல்மேன் வழியாகப் பாங்காக் நோக்கிச் சென்றார்கள். பர்மாவில் வீடுள்ள பெண்கள் அதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அத்தையும் வேறு இரு பெண்களும் பெகுப் பக்கம் நடந்தபோது, கிடைத்த அரிசியை ஒரே மூட்டையாகக் கட்டாமல் மூன்று துணிப் பைகளாகப் பிரித்து ஆளுக்கொன்றாகச் சுமந்தார்கள். வழியில் ஓர் ஓடையைக் கடக்கும்போது ஒரு பை நீரோடு போயிற்று. மற்ற இரண்டும் மூவரையும் வீடு சேர்த்தன. வீட்டில் தாத்தா மூன்று ஆண்டு உழைப்பு முழுவதையும், பர்மாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் வெளியிட்ட நோட்டுகளாகப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அந்த நோட்டுகள் செல்லாமல் போயின. ஒரே பெட்டியில், ஒரே வடிவில் இருந்த செல்வம் ஒரே நாளில் குப்பையானது. அத்தை பேசும்போது ஓடையில் போன பையும் தாத்தாவின் பெட்டியும் எப்போதும் சேர்ந்தே வரும்.

அவர் முதலில் இரண்டு பசுக்களை வாங்கிப் பால் ஊற்றினார். மிஞ்சிய பால் தயிரானது. தயிர் வாங்க வந்த வீடுகள் மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் கேட்டதால் அரைக்கத் தொடங்கினார். அந்த வருமானத்தில் ஒரு தையல் எந்திரம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டையும் லொஞ்சி என்னும் பர்மியக் கைலியும் தைத்தார். கடைசியாகத்தான் மளிகைக் கடை. முந்தைய தொழிலின் வாடிக்கையாளர் கேட்ட பொருளே ஒவ்வொரு முறையும் அடுத்த தொழிலாயிற்று என்பதைக் கவனியுங்கள். முன்பின் தெரியாத துறைக்குள் அவர் ஒருபோதும் இறங்கவில்லை. உங்கள் மாவும் சிற்றுண்டியும் பேக்கரிக்கு வருகிறவர்களே கேட்பவை என்றால், உங்கள் வீட்டாரின் அச்சத்தில் பாதி தேவையற்றது.

மறு பாதி தேவையானது. தொழில் பெருகும்போது ஒன்றின் பணம் மற்றொன்றின் ஓட்டையை அடைக்கப் போகும். யாருக்கும் தெரியாமல் எல்லாம் சேர்ந்து மூழ்கும். அத்தை அதற்காகவே நான்கு தகர டப்பாக்கள் வைத்திருந்தார். பால் டப்பாவிலிருந்து தையலுக்குப் பணம் எடுத்தால், எடுத்தவரும் கொடுத்தவரும் தானே ஆனாலும், சீட்டு எழுதிப் பால் டப்பாவில் போடுவார். திரும்பி வரும் வரை அது கடன். எந்தத் தொழில் உண்மையில் சோறு போடுகிறது, எது மற்றவற்றின் தயவில் நிற்கிறது என்பது மாதக் கடைசியில் சீட்டுகளை எண்ணினால் தெரிந்துவிடும். பொடி வியாபாரத்தை ஒரு முறை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது இப்படித்தான்.

1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமையானபோது எங்கள் மளிகைக் கடையும் போனது. மே மாதம் பர்மிய நாணயமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாதவை ஆயின. அந்த ஆண்டு தெருவில் பாதித் தமிழ்க் குடும்பங்கள் சென்னைக்குக் கப்பல் ஏறின. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. எங்களிடம் பசுக்களும் எந்திரமும் உரலும் இருந்தன. அத்தை பெரிய நோட்டுகளை வைத்திருப்பதில்லை. மஞ்சளாகவும் துணியாகவும் சிறிது தங்கமாகவுமே சேமித்தார். 1985இலும் 1987இலும் மீண்டும் நோட்டுகள் செல்லாமல் போனபோதும் வீட்டில் உலை ஏறியது.

படைப் பயிற்சி அவருக்குத் தடையாக இருந்த இடமும் உண்டு. அதை மறைப்பது உங்களுக்கு உதவாது. முகாமில் கேட்டால் சாமான் வரும், சொன்னால் ஆள் நிற்கும். சந்தையில் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். தொடக்கத்தில் அத்தை விலையை ஆணையைப் போலச் சொல்வார், வாங்க வந்தவர் போய்விடுவார். இந்த நாட்டுச் சந்தைகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பர்மியப் பெண்கள். அவர்களில் வெற்றிலை விற்ற ஒரு மூதாட்டியின் அருகில் மாதக்கணக்கில் உட்கார்ந்துதான், வாடிக்கையாளரின் குழந்தையை விசாரித்துவிட்டு விலைக்கு வரும் முறையையும், யாருக்கு எவ்வளவு கடன் விடலாம் என்பதையும் அவர் கற்றார். மூதாட்டி பெய்த்தா என்னும் பர்மிய எடையில் நிறுத்தது நம் பழைய எடையான வீசைக்கு நெருங்கிய அளவு என்று தெரிந்த நாளில்தான் சந்தை தனக்குப் பிடிபட்டது என்பார். நீங்களும் அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் உங்களைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்கக் கூடும்.

தையல் டப்பா இப்போது என் மேசையில் இருக்கிறது. அதன் அடியில் ஒட்டிக்கிடக்கும் சீட்டில் அத்தையின் கையெழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது: "தையலிலிருந்து பாலுக்கு 15 கியாட், புண்ணாக்கு வாங்க." அதன் கீழே வேறு மையில், "வரவு வந்தது."