எச்.எம்.எஸ். ஃபேம்: ஒரு பழைய நாசகாரியைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஆரம்பகாலத்து பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கப்பலைப் பற்றியவை. அதற்கு நானே காரணம், போகிற இடமெல்லாம் ஃபேம் புராணம் பாடுகிறவன் நான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

"டார்பிடோ படகு நாசகாரி" என்று ஏன் இவ்வளவு நீளமான பெயர்? டார்பிடோ விட்டு நாசம் செய்யும் படகு என்று பொருளா? (மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

இல்லை. டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து போய் வெடிக்கும் குண்டு) விடும் படகுகளை நாசம் செய்யும் கப்பல் என்று பிரித்துப் படிக்க வேண்டும். 1880களில் பிரான்ஸ் சின்னச் சின்ன டார்பிடோ படகுகளை வரிசையாகக் கட்டியது. ஒரு பெரிய போர்க்கப்பலைக் கட்டும் செலவில் இவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கட்டிவிடலாம். இரவில் சத்தமில்லாமல் வந்து ஒரு டார்பிடோவை விட்டால் அந்தப் பெரிய கப்பல் காலி. பிரிட்டனுக்கு இது பெரிய தலைவலி. அவர்கள் முதலில் கட்டிய டார்பிடோ பீரங்கிப் படகுகளுக்கு, துரத்த வேண்டிய படகுகளின் வேகம்கூட இல்லை.

1892இல் ஜாக்கி ஃபிஷர் கடற்படையின் கன்ட்ரோலர் ஆனார். கப்பல் கட்டும் பொறுப்பு முழுக்க அந்தப் பதவியில் இருப்பவருடையது. 'யாரோ' (Yarrow), தார்னிகிராஃப்ட், லெயர்டு ஆகிய கப்பல் கட்டும் கம்பெனிகளிடம் ஆளுக்கு இரண்டு கப்பல் கேட்டார்கள். 1893 ஆகஸ்டில் நீரில் இறங்கிய 'யாரோ' கம்பெனியின் 'ஹாவக்' தான் முதல் நாசகாரி. 26 நாட் வேகம் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). அடுத்து வந்தவற்றுக்கு 27 நாட், அதற்கும் அடுத்து 30 நாட் கேட்டார்கள். ஃபேம் இந்த 30 நாட் கூட்டத்தைச் சேர்ந்தது. காலப்போக்கில் பெயரின் முன்பாதி உதிர்ந்து, வெறும் 'நாசகாரி' மிஞ்சியது.

ஃபேம் எவ்வளவு பெரியது? என்ன ஆயுதம் இருந்தது? (ஈரோடு)

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில், சிஸ்விக்கில் இருந்த தார்னிகிராஃப்ட் பட்டறையில் கட்டி 1896 ஏப்ரலில் நீரில் இறக்கினார்கள். நீளம் சுமார் 64 மீட்டர், அகலம் 6 மீட்டர்கூட இல்லை. அகலத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல் நீளம், தண்ணீரில் மிதக்கும் பென்சில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 300 டன்னை ஒட்டி. ஆட்கள் அறுபது பேர் சொச்சம். 12 பவுண்டர் (12 பவுண்டு எடைக் குண்டு சுடும்) பீரங்கி ஒன்று, 6 பவுண்டர் ஐந்து, 18 அங்குல டார்பிடோக் குழல் இரண்டு.

30 நாட் என்றால் மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் வருகிறதே. 1896இல் நிஜமாகவே அந்த வேகம் போனதா? (திருநெல்வேலி, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்)

ரயில்வேக்காரர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சோதனை ஓட்டத்தில் போனது. ஆனால் அந்தச் சோதனை எப்படி நடந்தது என்று பாருங்கள். தேர்ந்தெடுத்த கரி, கம்பெனியே கொண்டுவந்த கைதேர்ந்த ஆட்கள், குறைந்த சுமை, அமைதியான கடல். வேகம் வராவிட்டால் கம்பெனிக்குப் பண நஷ்டம், அதனால் உயிரைக் கொடுத்து ஓட்டுவார்கள். அதே கப்பலில் முழுக் கரியும் குண்டுகளும் ஏற்றி, கடற்படையின் சாதாரண ஸ்டோக்கர்களை (கொதிகலனுக்குக் கரி போடுகிறவர்களை) இறக்கி, கொஞ்சம் அலையுள்ள கடலில் விட்டால் அந்த 30 கிடைக்காது. என்னைக் கேட்டால் '30 நாட் கப்பல்' என்பது பாதி விளம்பரம்.

எஞ்சின் பிஸ்டன் வகை. நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று. அந்த வேகத்தில் தாங்கிகள் (பேரிங்குகள்) சூடேறாமலிருக்க எஞ்சின் அறையில் எண்ணெயும் தண்ணீரும் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். கப்பல் முழுக்க நடுங்கும். முன்பகுதி ஆமை முதுகு போல் வளைந்திருந்ததால் அலை ஏறி வழிந்து, மேலே நிற்பவர்களை நனைத்துவிட்டுத்தான் போகும். இந்தக் கப்பல்களில் வேலை செய்தவர்களுக்குச் சம்பளத்தோடு தனியாக ஒரு படி கொடுத்தார்கள். கஷ்டப்படி என்றே அதைச் சொல்லலாம். தூங்க இடமில்லை, காய்ந்த துணியில்லை என்பதற்கான ஈடு.

இந்தக் கப்பலின் வாழ்க்கையில் முக்கியமான சம்பவம் எது? (பலர்)

1900 ஜூன் 17 அதிகாலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், நான் இந்தக் கப்பலின் பின்னால் திரிவதே இந்த ஓர் இரவுக்காகத்தான்.

சீனாவில் வெளிநாட்டவருக்கு எதிரான பாக்சர் கிளர்ச்சி நடக்கிறது. பெய்ஜிங்கில் வெளிநாட்டுத் தூதரகங்கள் ஆபத்தில். அங்கே போக வேண்டுமானால் பெய்ஹோ ஆற்றின் வாயிலில் உள்ள டாகு கோட்டைகளைத் தாண்ட வேண்டும். ஆற்றுவாயில் மணல்திட்டு. பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட்டிருந்தன. ஆற்றுக்குள் வர முடிந்தவை சிறிய பீரங்கிப் படகுகளும் ஃபேம், வைட்டிங் என்ற இரண்டு பிரிட்டிஷ் நாசகாரிகளும்தான். அதிகாலை 2 மணிக்குள் கோட்டைகளை ஒப்படையுங்கள் என்று வெளிநாட்டுத் தளபதிகள் கெடு வைத்தார்கள். கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே கோட்டைகளிலிருந்து பீரங்கிகள் முழங்கின.

கோட்டைகளுக்கும் டாங்கு என்ற ஊருக்கும் நடுவே, கப்பல் பட்டறைச் சுவரை ஒட்டி நாலு சீன நாசகாரிகள் நின்றன. அவை ஜெர்மனியின் ஷிஷாவ் கம்பெனி அப்போதுதான் கட்டிக்கொடுத்த புத்தம் புதுக் கப்பல்கள், ஃபேமைவிட வேகமானவை. அந்தக் குறுகிய ஆற்றில் அவற்றில் ஒன்று கிளம்பி டார்பிடோ விட்டிருந்தால்கூட நிலைமை மாறியிருக்கும்.

ஃபேமின் தலைவர் லெப்டினன்ட் ரோஜர் கீஸ், வயது 27. வைட்டிங்கின் தலைவர் லெப்டினன்ட் மெக்கன்சி. இருவரும் ஆளுக்கொரு துடுப்புப் படகைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு படகிலும் ஏறத்தாழ ஒரு டஜன் ஆட்கள். கணக்கு எளிது: நாசகாரிகள் இரண்டு, படகுகள் இரண்டு, பிடிக்க வேண்டியது நாலு. ஆளுக்கொன்றாக ஒட்டி நின்று, மேலே தாவி ஏறினார்கள். சில துப்பாக்கி வெடிகள், கொஞ்ச நேரக் கைகலப்பு. சீன மாலுமிகளில் பலர் ஆற்றில் குதித்தார்கள், மற்றவர்களைக் கீழ்த்தளத்துக்கு விரட்டினார்கள். சீனர் தரப்பில் சிலர் செத்தார்கள், காயப்பட்டார்கள். பிரிட்டிஷ் தரப்பில் உயிர்ச்சேதம் இல்லை. பிடித்த கப்பல்களை டாங்குவுக்கு இழுத்துப் போகும்போது வைட்டிங்கின் மேல் ஒரு குண்டு பாய்ந்தது. கரி வைக்கும் அறைப் பக்கம் பட்டதால் கப்பல் தப்பியது.

டார்பிடோவும் அதிவேக எஞ்சினும் வைத்துக் கட்டிய கப்பல், தன் மிகப் பெரிய காரியத்தைப் படகில் ஆள் ஏற்றிப்போய் எதிரிக் கப்பலில் குதித்துச் சாதித்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய நெல்சன் காலத்துப் பாய்மரக் கப்பல் ஆள் வந்து பார்த்திருந்தாலும் அவருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

போர் அறிவிக்காமல் அடுத்தவன் கப்பலைப் பிடித்தால் அது கடற்கொள்ளை இல்லையா? (யாழ்ப்பாணம்)

நியாயமான கேள்வி. சீன அரசு போர் அறிவித்ததாகச் சொல்லப்படும் ஆணை ஜூன் 21ஆம் தேதிதான் வந்தது. கப்பல்கள் பறிபோனது அதற்கு நாலு நாள் முன்னால். கோட்டைகள் முதலில் சுட்டன என்பது ஐரோப்பியர் சொல்லும் நியாயம். ஆனால் இன்னொருவன் நாட்டு ஆற்றுக்குள் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு, உன் கோட்டையைக் கொடு என்று கெடு வைத்துவிட்டு, அவன் சுட்டான் என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? கீஸின் துணிச்சலை நான் ரசிக்கிறேன். அந்த ரசிப்பில் இந்தக் கேள்வியை மறந்துவிடக் கூடாது என்பதும் சரிதான்.

பிடித்த நாலு கப்பல்கள் என்ன ஆயின? (சேலம்)

பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ரஷ்யா ஆளுக்கொன்று. கல்யாண வீட்டுத் தாம்பூலம் மாதிரி பங்கு போட்டார்கள். இதில் வேடிக்கை, நாலு பேருமே முதலில் தங்கள் பங்குக்கு 'டாகு' என்றே பெயர் வைத்தார்கள். பிரிட்டனின் டாகு ஹாங்காங்கிலேயே இருந்து 1916இல் விலைபோனது. ரஷ்யர்கள் மட்டும் பிறகு பெயரை மாற்றினார்கள். டாகு சண்டையில் அவர்களுடைய 'கொரியெட்ஸ்' படகில் இறந்த அதிகாரியின் நினைவாக 'லெப்டினன்ட் புராகோவ்' என்று வைத்தார்கள். நாலில் நல்ல கதை இதற்குத்தான். 1904இல் ரஷ்யர் வசமிருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்தை ஜப்பானியர் முற்றுகையிட்டபோது, இந்தக் கப்பல் தன் வேகத்தை நம்பி முற்றுகையைக் கிழித்துக்கொண்டு கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஜப்பானியச் சிறு படகுகள் இரவில் வந்து டார்பிடோ விட்டு அதன் கதையை முடித்தன. டார்பிடோ படகு நாசகாரியை டார்பிடோ படகே நாசம் செய்தது.

டாகுவுக்கு முன்னாலும் பின்னாலும் ஃபேம் என்ன செய்தது? (கோவை)

முன்னால் என்றால் 1899 ஏப்ரல். ஹாங்காங்கை ஒட்டிய நியூ டெரிட்டரீஸ் பகுதியை பிரிட்டன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தது. பொறுப்பேற்கப் போனபோது தாய் போ பக்கத்து கிராமத்தார் ஆயிரக்கணக்கில் திரண்டு எதிர்த்தார்கள். இந்தியாவில் ஆள் எடுத்து அமைத்த ஹாங்காங் ரெஜிமென்ட்டின் சிறு படை அங்கே மாட்டிக்கொண்டது. ஃபேம் கடலிலிருந்து சுட, கீஸ் ஆட்களோடு கரையிறங்கிப் போய் மீட்டார். கீஸ் அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் ஃபேமுக்கு வந்திருந்தார், புதுப் பெண்டாட்டி மாதிரி கப்பலை விட்டு நகராமல் இருந்திருப்பார் என்று நினைத்தால், மனிதர் எப்போது பார்த்தாலும் கரையில்தான் இறங்குகிறார்.

டாகுவுக்குப் பிறகும் அப்படித்தான். ஆற்றின் மேல்பக்கம் ஸி-செங் என்ற இடத்தில் ஒரு கோட்டை, டியன்ஜினுக்குப் போகும் வழியை மிரட்டிக்கொண்டிருந்தது. கீஸ் 32 பேரோடு போய், பீரங்கிகளைப் பாழாக்கி, வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்துவிட்டு வந்தார். அந்த ஆண்டு நவம்பரில் கமாண்டர் பதவி கிடைத்தது.

அப்புறம் ஃபேமுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஹாங்காங்கில் இருப்பு, பயிற்சி, ரோந்து.

கீஸ் என்றால் ஸீபிரக் தாக்குதல் நடத்தியவரா? (சென்னை)

அவரேதான். 1918 ஏப்ரல் 23இல் பெல்ஜியத்தின் ஸீபிரக் துறைமுக வாயிலில் பழைய கப்பல்களை மூழ்கடித்து, ஜெர்மன் நீர்மூழ்கிகளின் வழியை அடைக்கப் பார்த்தார். அங்கேயும் தடுப்புச் சுவரை ஒட்டிக் கப்பலை நிறுத்தி ஆட்களை ஏற்றினார். டாகுவில் பிடித்த பழக்கம் விடவில்லை என்பது என் அபிப்பிராயம். பிறந்தது நம் துணைக்கண்டத்தில், வடமேற்கு எல்லைப்புறத்தில் இருந்த துண்டியானி கோட்டையில்.

டர்பைன் எஞ்சின் வந்ததும் இவையெல்லாம் பழசாகிவிட்டனவா? (திருச்சி, மெக்கானிக்கல் படிப்பவர்)

உடனே இல்லை தம்பி. பார்சன்ஸ் டர்பைன் வைத்த 'வைப்பர்' 36 நாட் தொட்டது. ஆனால் 1901 ஆகஸ்ட் 3இல் பயிற்சியின்போது மூடுபனியில் ஆல்டர்னி தீவுப் பக்கம் பாறையில் ஏறி நொறுங்கியது. ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள். அடுத்த மாதமே இன்னொரு டர்பைன் கப்பலான 'கோப்ரா' லிங்கன்ஷயர் கரைக்கு அப்பால், நடுக்கடலில் இரண்டாக முறிந்தது. 67 பேர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் 12 பேர். முறிந்ததற்கும் டர்பைனுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை, மெல்லிய உடம்புதான் பிரச்சினை. ஃபேம் தலைமுறைக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் இருந்த நோய் அது. 1903 முதல் வந்த 'ரிவர்' வகையில் சோதனை வேகத்தை 25.5 நாட்டாகக் குறைத்து, முன்தளத்தை உயர்த்தி, உடம்பைக் கெட்டியாக்கினார்கள். காகிதத்தில் மெதுவான அந்தக் கப்பல்கள் கொந்தளிக்கும் கடலில் 30 நாட் கப்பல்களைவிட நன்றாக ஓடின.

ஃபேமைச் சில பட்டியல்களில் 'டி வகை' என்று போட்டிருக்கிறார்கள். அது என்ன? (புதுச்சேரி)

1913இல் பழைய நாசகாரிகளுக்கு எழுத்து கொடுத்தார்கள். 27 நாட் கப்பல்கள் ஏ. 30 நாட் கப்பல்களைப் புகைபோக்கியை எண்ணிப் பிரித்தார்கள்: நாலு இருந்தால் பி, மூன்று இருந்தால் சி, இரண்டு இருந்தால் டி. டி வகை எல்லாமே தார்னிகிராஃப்ட் கட்டியவை.

கடைசியில் என்ன ஆயிற்று? ஏதாவது மிச்சம் இருக்கிறதா? (கொழும்பு)

முதல் உலகப் போர் முழுவதும் சீனக் கடற்பகுதியிலேயே கழிந்தது. கூட்டாளி வைட்டிங்கை 1919இல் ஹாங்காங்கில் விற்றார்கள். ஃபேமை 1921 ஆகஸ்டில், அதே ஹாங்காங்கில். நீரில் இறங்கி 25 வருஷம். அவ்வளவு மெல்லிய தகட்டில் கட்டிய கப்பலுக்கு அது நல்ல ஆயுள். பழைய இரும்புக்குப் போன கப்பலில் என்ன மிஞ்சும்? பெயர் மிஞ்சியது. 1934இல் இன்னொரு நாசகாரிக்கு அதே ஃபேம் என்ற பெயரை வைத்தார்கள், அது இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகளைத் துரத்தியது. அதைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள், அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.