சலேத் என்னும் பெயர் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஆகஸ்ட் 15 அன்று கொடைக்கானல் சலேத் மாதா கோவில் திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். சலேத் என்பது எந்தப் புனிதரின் பெயர் என்று அருகில் நின்ற சிலரைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அது பிரெஞ்சு நாட்டு ஊர் ஒன்றின் பெயர் என்று பின்னர் அறிந்தேன். அந்தோணியார், சவேரியார் என்று நமக்குப் பழகிய புனிதர்கள் இருக்க, எங்கோ உள்ள ஊரின் பெயர் நம் மலைக்கோவிலுக்கு எதற்கு? மாதா அங்கே காட்சி தந்த நாள் செப்டம்பர் 19 என்கிறார்கள். அப்படியானால் திருவிழா ஏன் ஆகஸ்டில் நடக்கிறது?

வாசகர், வத்தலக்குண்டு

அன்புள்ள நண்பருக்கு,

மாதாவை ஊர்ப்பெயரால் அழைப்பது நமக்குப் புதிதன்று; வேளாங்கண்ணி மாதாவும் பூண்டி மாதாவும் அப்படி வந்த பெயர்களே. பழகியவர் என்று நீங்கள் சொல்லும் சவேரியாரும் இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார நாட்டில் தம் குடும்பத்துக் கோட்டை இருந்த ஊரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறார். அந்தோணியார் பிறந்ததும் எங்கோ உள்ள லிஸ்பனில்தான்.

தேதியைப் பற்றிய ஐயம் எளிதில் தீர்வது. ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. வேறு பெயரில் அமைந்த மாதா கோவில்கள் சிலவும் அந்த நாளைத் தம் திருநாளாகக் கொள்வதுண்டு. விடுதலை நாள் விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வருவோருக்கும் அது வசதியாகிவிட்டது.

பெயரின் கதைதான் சொல்லத் தக்கது. 1846-இல், ஆல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், லா சலேத் ஊரின் மேய்ச்சல் வெளியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலனி, மாக்சிமின் என்ற இரு ஏழைப் பிள்ளைகள், முகத்தைக் கைகளில் புதைத்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் பிரெஞ்சு மொழியில் பேசத் தொடங்கி, உருளைக்கிழங்கு அழுகிப்போவதைக் குறிப்பிட்டபோது, அந்தச் சொல் விளங்காமல் சிறுமி சிறுவனைத் திரும்பிப் பார்த்தாளாம். உடனே அந்தப் பெண் அவர்களுடைய மலைப்பேச்சுக்கு மாறிக்கொண்டார் என்பது பிள்ளைகளின் வாக்குமூலம். ஐரோப்பாவில் கிழங்கு நோய் பரவி ஏழைகள் பட்டினி கிடந்த காலம் அது. கிரெனோபிள் ஆயர் 1851-இல் அந்தக் காட்சியை ஏற்று அறிவித்தார். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1866-இல், கொடைக்கானலில் இந்தக் கோவில் எழுந்தது. அன்றைய மதுரை மிஷனில் பணியாற்றிய இயேசு சபைக் குருக்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள் என்பதால், தம் நாட்டு மலையில் அண்மையில் நிகழ்ந்ததை அவர்கள் இந்த மலைக்குக் கொண்டுவந்ததில் வியப்பில்லை.

இந்தப் பெயர் இங்கே ஒட்டவில்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மேல்மலை ஊர்களில் உருளைக்கிழங்கு பயிரிட்டு, ஒரு பருவத்து நோயில் போட்ட பணத்தை இழந்த குடும்பத்துக்கு, கிழங்கு அழுகுவதைச் சொல்லி அழும் மாதாவைவிட நெருக்கமானவர் யார்? இதற்குள் எத்தனையோ தமிழ் வீடுகளில் சலேத் மேரி என்று பெண் குழந்தைகளுக்குப் பெயரிட்டாகிவிட்டது. மேலும், நேர்ந்தளிக்கப்பட்ட கோவிலின் பெயரைப் பிறகு மாற்றத் திருச்சபைச் சட்டம் இடம் தருவதில்லை.

நீங்கள் கேட்டவர்களுக்குக் கதை தெரியாமல் போனது மட்டுமே எனக்குக் குறையாகப் படுகிறது. கொடியேற்றமும் தேர்பவனியும் இருக்கட்டும்; நவநாளில் ஒரு மாலையையாவது ஒதுக்கி, அந்த மாடு மேய்த்த பிள்ளைகளின் கதையை நம் மலைப்பேச்சிலேயே சிறுவர்களுக்குச் சொல்லலாம்.