இலக்குச் சுடுதலுக்கு ருகர் பிசி கார்பைனை எப்படி மதிப்பிடுவது?

ருகர் பிசி கார்பைன் 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் குட்டையான ரைபிள். இவ்வகைக் கார்பைனில் உதை பலர் எதிர்பார்ப்பதைவிட அதிகம். காரணம் தோட்டாவைவிட போல்ட்தான், அதாவது குழலின் பின்பக்கத்தை மூடும் உலோகத் துண்டு. இவ்வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை எளிய ப்ளோபேக் முறையில் இயங்குபவை. போல்ட்டைப் பூட்டிவைக்க எதுவும் இல்லை, அதன் எடையே அழுத்தத்தைத் தாங்குகிறது. அந்தக் கனமான இரும்பு பின்னால் போய் முட்டும்போதுதான் குறி ஆடுகிறது. ருகர் தன் போல்ட்டுக்குள் நகரும் டங்ஸ்டன் எடை ஒன்றை வைத்து அந்த முட்டலைத் தணிக்கிறது. துப்பாக்கியின் சுமார் 3 கிலோ எடையும் கைகொடுக்கிறது.

தோளில் படும் உதையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு ரவுண்டுகளை வேகமாகச் சுட்டு, சைட்டில் (குறிபார்க்கும் கருவியில்) தெரியும் சிவப்புப் புள்ளி எவ்வளவு நேரத்தில் இலக்குக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். பிறகு மணல்மூட்டையில் தாங்கவைத்து 50 கெஜத்தில் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். 115, 124, 147 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) மூன்றிலும். ஒவ்வொரு குழலுக்கும் பிடித்தது வேறு.

பலர் தவறவிடுவது இது: குழல் கழற்றக்கூடியது, சிவப்புப் புள்ளி சைட்டோ ரிசீவரில், அதாவது போல்ட் இருக்கும் உடற்பகுதியில், இருக்கிறது. கழற்றி மாட்டியபின் மீண்டும் ஐந்து ரவுண்டு சுட்டு, குறி நகர்ந்ததா என்று சரிபாருங்கள். நகர்ந்தால் முதலில் குழலை ரிசீவரோடு இறுக்கமாகப் பொருத்தும் சரிசெய் வளையம் தளர்ந்திருக்கிறதா பாருங்கள், சைட்டைத் திருகாதீர்கள். இன்னொன்று, 5 கெஜத்தில் குண்டு குறிக்குக் கீழே படும். சைட் குழலுக்கு மேலே இருப்பதால் அது இயல்பு, பழுதல்ல.