வயர்லெஸ் தொடர்பில் பிழைதிருத்தக் குறியீடுகளை மேம்படுத்த இனி என்ன மிச்சம் இருக்கிறது?

ஷானன் எல்லையை, அதாவது இரைச்சலுள்ள தடத்தில் பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகத்தை, ஏறக்குறையத் தொட்டாகிவிட்டதே, இன்னும் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர் என்று நினைக்கிறேன். "அந்தத் துறை முடிந்துபோனது" என்று யாராவது பெரியவர் சொல்லியிருப்பார். என்னிடமும் சொன்னார்கள், அதனால்தான் பதில் கொஞ்சம் நீளும்.

பிழைதிருத்தக் குறியீடு என்பது, வழியில் கெட்டுப்போன பிட்டுகளைப் பெறும் பக்கமே சரிசெய்துகொள்ள, தரவோடு கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்பும் முறை. அது எல்லையைத் தொட்டது உண்மைதான். 2001இல் சுங், ஃபோர்னி, ரிச்சர்ட்சன், உர்பாங்கே நால்வரும் வடிவமைத்த எல்டிபிசி என்ற வகைப் பிழைதிருத்தக் குறியீடு, கணக்குப்படி ஷானன் எல்லைக்கு 0.0045 டெசிபெல் அருகில் வந்தது. ஆனால் அந்தக் கட்டுரையில் சிமுலேஷன் செய்த குறியீட்டின் நீளம் 1 கோடி பிட். வைஃபையில் உள்ள எல்டிபிசி குறியீட்டின் அதிகபட்ச நீளமே 1944 பிட்தான். 5ஜியின் அதிநம்பகச் சேவைக்கு வைத்த இலக்கோ 32 பைட்டை 1 மில்லிசெகண்டுக்குள் 99.999 சதவீத நம்பகத்தோடு சேர்ப்பது. இவ்வளவு சிறிய பாக்கெட்டில் ஷானன் எல்லையை எட்டவே முடியாது. நீளம் குறையக் குறைய எவ்வளவு இழக்கிறோம் என்பதை 2010இல் பாலியான்ஸ்கி, பூர், வெர்து மூவரும் துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதையும், பெறும் பக்கத்தில் பிழையைத் திருத்தும் இன்றைய டிகோடர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்த நேரத்திலும் குறைந்த மின்சாரத்திலும் அந்த அளவை நெருங்குவதில் வேலை நிறைய இருக்கிறது.

என் அனுபவத்துக்கு வருகிறேன். நான் மோடம் குழுவில் டிகோடர் பக்கம் இருந்தவன். ஒரு வயர்லெஸ் இணைப்பு, ஆய்வகத்தில் இரைச்சல் ஜெனரேட்டரோடு சோதித்தால் சிமுலேஷன் வரைபடத்தோடு அப்படியே பொருந்தும். வெளியே கொண்டுபோனால் பாக்கெட்டுகள் கொத்துக் கொத்தாகத் தோற்றுப்போகும். கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "குறியீடு பலவீனம், இன்னும் பேரிட்டி பிட் சேர்க்கலாம்." பேரிட்டி பிட் என்பது பிழையைத் திருத்தச் சேர்க்கும் அந்தக் கூடுதல் பிட். அப்படிச் செய்தால் வேகம் அடிவாங்கும். டிகோடருக்குள் நுழையும் எல்எல்ஆர் மதிப்புகளைப் பார்க்காமல் குறியீட்டில் கை வைக்கக் கூடாது என்று நான் அடம்பிடித்தேன். எல்எல்ஆர் என்பது, இந்த பிட் 0ஆ 1ஆ, அதை எவ்வளவு நம்பலாம் என்று டிகோடருக்குச் சொல்லும் எண்.

தோற்றுப்போன பாக்கெட்டுகளின் எல்எல்ஆர் மதிப்புகளை வரைந்து பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. இரைச்சலின் அளவை பாக்கெட் முழுவதற்கும் ஒரே சராசரியாக எடுத்திருந்தார்கள். பக்கத்துக் கருவி ஒன்றின் குறுக்கீடு பாக்கெட்டின் ஒரு பகுதியில் மட்டும் விழும். அந்தப் பகுதி பிட்டுகள் தவறாக இருந்தும், உச்சபட்ச நம்பிக்கையோடு டிகோடருக்குள் போய்க்கொண்டிருந்தன. பஞ்சாயத்தில் பொய்ச் சாட்சி உரக்கப் பேசினால் என்ன ஆகுமோ, அதுதான் நடந்தது. இரைச்சலைத் துண்டு துண்டாக மதிப்பிட்டு, அடிபட்ட பகுதிக்கு எடையைக் குறைத்தோம். குறியீட்டில் ஒரு பிட்டைக்கூட மாற்றவில்லை. இழப்பு சிமுலேஷன் சொன்ன அளவுக்கு இறங்கியது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

"மின்-சம் என்ற எளிமையாக்கிய டிகோடருக்கு எல்எல்ஆர் அளவு முக்கியமே இல்லையே" என்று ஒருவர் கீழே எழுத வருவார், தெரியும். எல்லா மதிப்புகளும் ஒரே மடங்கில் மாறினால்தான் அது சரி. ஒரு பகுதி மட்டும் பொய் சொன்னால் செல்லாது. எல்எல்ஆர் மதிப்பைச் சில பிட்டுகளுக்குள் அடக்கிய வன்பொருள் டிகோடரில், ஒரே மடங்கில் மாறினாலும் பாதிக்கும். குறியீட்டுக் கோட்பாட்டை மட்டம்தட்டுவதாகவும் நினைக்க வேண்டாம். கேலகர் 1960இல் கண்டுபிடித்த எல்டிபிசியைப் பெரும்பாலோர் மறந்தே போனார்கள். தொண்ணூறுகளின் நடுவில்தான் அது மீண்டு வந்தது. இன்று 5ஜியில் தரவு அதில்தான் போகிறது. கட்டுப்பாட்டுத் தகவலுக்கு, அரிகான் 2009இல் வெளியிட்ட போலார் குறியீடு. நல்ல குறியீடு இல்லாமல் ரிசீவரை மட்டும் சீராக்கி எதுவும் நடக்காது.

சரி, உங்களுக்குத் தலைப்பு வேண்டுமென்றால் எர்ரர் ஃப்ளோரை எடுங்கள். சிக்னல் நன்றாக இருக்கும்போதும் பிழைவிகிதம் ஓர் அளவுக்குக் கீழே இறங்க மறுக்கும் இடம் அது. செயற்கைக்கோள் டிவிக்கான டிவிபி-எஸ்2 தரத்தில் எல்டிபிசிக்கு வெளியே பிசிஎச் என்ற இன்னொரு பிழைதிருத்தக் குறியீட்டைச் சுற்றியது, மிஞ்சும் அந்தச் சில பிழைகளைத் துடைக்கத்தான். குறும் பாக்கெட்டில் அப்படி இன்னொரு அடுக்கு சேர்க்க இடமே கிடையாது. சும்மா சிமுலேஷன் ஓட்டியும் பார்க்க முடியாது. நூறு கோடியில் ஒரு பாக்கெட் தோற்பதை நம்பகமாக அளக்க, பத்தாயிரம் கோடி பாக்கெட்டாவது ஓட வேண்டும்.

அப்புறம் ஒன்று. கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன வேலையைக் கட்டுரையாக அனுப்பியபோது "புதுக் குறியீடு எங்கே?" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அதே சமயம் குறியீட்டையே வரையறுக்கும் பேரிட்டி மேட்ரிக்ஸைக் கொடுக்காத, டிகோடர் எத்தனை சுற்று ஓடியது, எத்தனை பிட் துல்லியம் என்று சொல்லாத கட்டுரைகள் 0.2 டெசிபெல் லாபம் என்று வெளிவருகின்றன. அவற்றைத் திரும்பச் செய்து பார்க்க முயன்று நான் இழந்த வாரங்களை யாரிடம் கேட்பது? நீங்கள் எழுதும்போது மேட்ரிக்ஸையும் அந்த இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிடுங்கள்.