சாத்தானும் சாத்தனும்

கேள்வி: சாத்தானும் குட்டிச்சாத்தனும் ஒன்றுதான் என்று எங்கள் பக்கத்தில் சொல்கிறார்கள். கிறிஸ்தவர்களின் பிசாசு பழைய சாமிகளிலிருந்து வந்தவன்தானா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: பெயரில் உறவே இல்லை. குட்டிச்சாத்தன் என்ற கேரள நாட்டுப்புறச் சாமியின் பெயரில் உள்ள சாத்தன் பழந்தமிழ்ப் பெயர். சீத்தலைச் சாத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். சாத்தான் எபிரேயச் சொல். மலையாளத்தில் முன்னதை 'ச்சா' என்று அழுத்தியும் பின்னதை 'ஸா' என்றும் தொடங்குவதால் அங்கே குழப்பம் குறைவு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'சா'.

சாத்தான் என்றால் எதிராளி. முதலில் அது ஆள் பெயரே அல்ல. எண்ணாகமம் 22:22இல் பிலேயாமை வழிமறிக்கும் கர்த்தருடைய தூதனுக்கே அந்தச் சொல் வருகிறது. யோபு புத்தகத்தில் சாத்தான் கடவுளின் சபையில் நின்று குற்றம் சாட்டுகிறவன், அனுமதி கேட்டுத்தான் எதையும் செய்கிறான். 2 சாமுவேல் 24:1ஐயும் 1 நாளாகமம் 21:1ஐயும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தாவீது ராஜா மக்கள்தொகை எடுத்த அதே சம்பவம். முன்னதில் அவனை ஏவியது கர்த்தரின் கோபம், பின்னதில் சாத்தான். நாளாகமம், யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகப்பட்ட சிறையிருப்புக்குப் பின் எழுதப்பட்டது. இடையில், கி.மு. 539இல், பாபிலோன் பாரசீகர் கைக்குப் போனது. நல்ல சக்திக்கு எதிராக அங்கிர மைன்யு என்ற தீய சக்தியை நிறுத்தியது பாரசீக மதம். அதன் சாயல் சாத்தானில் எவ்வளவு என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை.

அயலாரின் தெய்வங்கள் வந்து சேர்ந்தது வேறு வழியில். 2 இராஜாக்கள் 1:2இல் பாகால்சேபூப் எக்ரோன் ஊரின் தெய்வம். அந்தப் பெயருக்கு 'ஈக்களின் தலைவன்' என்று பொருள். இது கேலிக்காகத் திரித்த பெயர் என்று பலர் கருதுகிறார்கள். 1929இல் தோண்டத் தொடங்கிய சிரியாவின் பழைய உகாரித் நகரின் களிமண் பலகைகளில் பாகால் என்ற தெய்வத்துக்கு 'செபூல்', அதாவது இளவரசன், என்ற பட்டம் உண்டு. மத்தேயு 12:24இல் தமிழ் வேதாகமம் பெயெல்செபூல் என்றே எழுதுகிறது. ஆனால் அங்கே அவன் பிசாசுகளின் தலைவன். சங்கீதம் 96:5இலும் இதே கதைதான். ஜனங்களின் தெய்வங்கள் 'வெறும் விக்கிரகங்கள்' என்கிறது எபிரேயம். கிரேக்க மொழிபெயர்ப்பு அவற்றை 'பேய்கள்' ஆக்கிவிட்டது. நம் நாட்டுப்புறத் தெய்வங்களான மாடனையும் இசக்கியையும் மிஷனரிகள் பேய் என்று எழுதியதும் இதே வழக்கத்தில்தான். வேதம் படிப்பவர்கள் இதைத் தெரிந்து படிக்க வேண்டும்.

கேள்வி: கொம்பும் குளம்பும் எங்கிருந்து வந்தன?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஆட்டுக்கொம்பும் குளம்பும் கொண்ட சாத்தான் வேதத்தில் இல்லை. வெளிப்படுத்தல் 12இல் வருவது பத்துக் கொம்புள்ள வலுசர்ப்பம். லேவியராகமம் 17:7இல் 'பேய்கள்' என்று தமிழில் உள்ள எபிரேயச் சொல் வெள்ளாட்டுக் கடாவையும் குறிக்கும். கிரேக்கரின் பான் என்ற மேய்ச்சல் தெய்வத்துக்கும் ஆட்டுக்கால், கொம்பு உண்டு. ஆனால் பிசாசின் உருவம் உடனே அப்படி ஆகிவிடவில்லை. இத்தாலியின் ராவென்னா தேவாலயத்தில் 6ஆம் நூற்றாண்டு மொசைக் படம் ஒன்று இருக்கிறது. அதில் வெள்ளாடுகளின் பக்கம் நிற்கும் நீல உடைத் தூதனைப் பிசாசின் மிகப் பழைய ஓவியம் என்று பலர் சொல்கிறார்கள். அவனுக்குக் கொம்பு இல்லை, ஒளிவட்டம் இருக்கிறது.

கேள்வி: லூசிபர் யார்?
– வாசகர், செங்கோட்டை

பதில்: ஏசாயா 14:12இன் 'விடிவெள்ளி'தான், லத்தீனில். பாபிலோன் ராஜாவைப் பாடும் வசனம் அது. பின்னால் வந்தவர்கள்தான் அதைச் சாத்தானின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். 2 பேதுரு 1:19இலும் லத்தீன் வேதம் அதே சொல்லைத்தான் போடுகிறது. அங்கே அது விசுவாசிகளின் இருதயத்தில் உதிக்கும் வெளிச்சம்.